விண்கலம் இணைவதும் உங்கள் மகளின் இணைந்த கணிதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

விண்வெளி நிலையத்தோடு விண்கலங்கள் எவ்வாறு இணைகின்றன என்பதைத் தவிர மகள் வேறெதையும் பேசுவதில்லை என்றும், அவளை உயிரியல் பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். அவள் மனத்தைப் பிடித்திருக்கும் விடயம், உயர்தர இணைந்த கணிதத்தில் வரும் சார்பு வேகத்தின், அதாவது ஒன்றிலிருந்து பார்க்கையில் மற்றொன்று நகரும் வேகத்தின், தொடர்ச்சியே ஆகும்.

திருகோணமலையின் சீனன்குடா இறங்குதுறையில் கோதுமைக் கப்பல் கயிற்றால் கட்டி நிறுத்தப்படும்போது, இழுவைப் படகுகள் அதனை அணைத்து மெல்லக் கொண்டுவருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விண்வெளியில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. விண்கலம் தன் உந்திகளால் தானே வந்து நிலையத்தின் வாயிலில் பொருந்துவது டொக்கிங். அருகே வந்து நிலையத்தின் வேகத்திலேயே மிதக்கும் கலத்தை, 17 மீற்றருக்கும் மேல் நீளமான கனேடிய இயந்திரக் கை பிடித்துச் சென்று வாயிலில் வைக்க, 16 மரையாணிகள் இறுக்கிக்கொள்வது பேர்த்திங்.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு 7.6 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் இரண்டும் பறந்தாலும், தொடும் கணத்தில் அவற்றிடையே உள்ள சார்பு வேகம் செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர்தான். கடலில் முன்னே போகும் படகை எட்டிப்பிடிக்க இயந்திரத்தை விரைவுபடுத்தினால் போதும். சுற்றுப்பாதையில் அவ்வாறு உந்தினால் கலம் உயர்ந்த பாதைக்கு ஏறி, ஒரு சுற்றுக்குக் கூடுதல் நேரம் எடுத்துப் பின்தங்கிவிடும்; ஆகவே துரத்தும் கலம் தாழ்ந்த பாதையில் இருந்துகொண்டே நெருங்குகிறது. இதனை மகள் தன் சொற்களில் உங்களுக்கு விளக்குவாளாயின், அவளது ஆர்வம் காணொளி பார்த்து வந்த மயக்கமன்று என நீங்கள் நம்பலாம். 1997 ஜூனில், தொலைவிலிருந்து கையால் இயக்கப்பட்ட ரஷ்யாவின் புரொகிரஸ் சரக்குக் கலம் அந்நாட்டின் மிர் விண்வெளி நிலையத்தில் மோதி ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. தூரத்தையும் வேகத்தையும் பிழையின்றி அளந்து திருத்துவதே இத்துறையில் பொறியியலாளரின் அன்றாட வேலை.

நம் நாட்டவரும் இதன் அருகே சென்றிருக்கிறார்கள். இலங்கையின் ராவணா-1 செய்மதி 2019 ஏப்ரலில் சிக்னஸ் சரக்குக் கலத்தில் ஏறிச் சென்றது. அக்கலத்தை நிலையத்தில் பொருத்தியது நான் மேலே சொன்ன அதே இயந்திரக் கைதான். ராவணா-1 செய்மதியை இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் வடிவமைத்தனர்.

ஆகையால் மொறட்டுவை, பேராதனை, அல்லது கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இயந்திரவியலோ இலத்திரனியலோ பயின்று, பின்னர் கட்டுப்பாட்டுப் பொறியியலில் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வதே அவளுக்கு ஏற்ற பாதை. அமெரிக்க விண்வெளி நிறுவனங்களில் தொழில்நுட்பம் பிறநாட்டவரிடம் செல்வதைத் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வெளிநாட்டவருக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதை இப்போதே அவளிடம் சொல்லுங்கள். விண்வெளித் துறையில் வேலை அமையாவிட்டாலும், இதே படிப்பைத் துறைமுகப் பாரந்தூக்கிகளும் தொழிற்சாலை இயந்திரங்களும் கேட்கின்றன. சார்பு வேகக் கணக்குகளில் அவளுக்குப் புள்ளி குறைகிறது என எழுதியிருந்தீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை அதற்கென ஒதுக்கி, தவறிய கணக்குகளை வரைபடத்துடன் மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.