பல்கலைக்கழக எழுத்து உதவி மையத்துக்குப் போனால் கட்டுரையைத் திருத்தித் தருவார்களா? அங்கே போவது கேவலமா?

திருத்தித் தர மாட்டார்கள், கூட உட்கார்ந்து நாமே திருத்திக்கொள்ள உதவுவார்கள். கேவலமும் இல்லை. இவ்வளவு போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீதி என் கதை, கொஞ்சம் நீளம்.

நீங்கள் கேட்ட விதத்திலேயே நிலைமை புரிகிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், கல்லூரியில் பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக நடந்த வகுப்பு, இப்போது வெளிநாட்டில் முதல் செமஸ்டர். பேராசிரியர் கட்டுரை ஓரத்தில் "எழுத்து மையத்துக்குப் போய் வரவும்" என்று எழுதிவிட்டார், அதிலிருந்து சோறு இறங்கவில்லை. தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது அதுதான்.

நான் பாம்பன் பக்கத்துக் கரையோர ஊர்க்காரி. அப்பா நாட்டுப்படகில் போகிறவர், அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடலோர வளங்கள் பற்றிய முதுகலைக்குச் சேர்ந்தேன். கடலே இல்லாத ஊரில் கடல் படிப்பா என்று கேட்காதீர்கள், உதவித்தொகை அங்கேதான் கிடைத்தது. முதல் கட்டுரைக்கு மன்னார் வளைகுடாவில் கடற்பாசி சேகரிப்பு என்று தலைப்பு எடுத்தேன். என் வீட்டு விஷயம், ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைப்பு. பன்னிரண்டு பக்கமும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

எழுத்து மையம் என்றதும் என் மனதில் வந்தது எங்கள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை. அங்கே பென் டிரைவைக் கொடுத்தால் சாயங்காலம் ஸ்பைரல் பைண்டிங் போட்ட புராஜெக்ட் கைக்கு வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, கையெழுத்துப் போடுகிற கைடுக்கும் தெரியாது. என் இளங்கலைப் புராஜெக்டில் பாதி நான் எழுதியது, மீதி முந்தைய வருடத்து அக்கா ஒருத்தர் எழுதியது. பெருமைக்குச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் ஒருவர்கூட என் எழுத்தை உட்கார்ந்து படித்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, மையத்துக்கு வருகிறேன். ஐம்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்தவள் என்னைவிடச் சின்னப் பெண், வரலாறு படிக்கிறவள். பாசி என்றால் குளத்துப் பாசி மட்டும்தான் தெரியும். தாள்களை அவள் பக்கம் தள்ளினேன். அவள் திரும்ப என் பக்கமே தள்ளி, "சத்தமாக வாசிக்கிறீர்களா?" என்றாள். குரல் நடுங்கத்தான் வாசித்தேன். மூன்றாவது வாக்கியத்திலேயே நாக்கு இடறியது. எங்கே இடறுகிறதோ அங்கேதான் வாக்கியம் கோணலாக இருந்தது, நானே பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டேன். என் தாளில் அவள் பேனா கடைசிவரை படவில்லை.

இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள். பாசி சேகரிக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, விற்கப்படுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தேன். "யார் சேகரிக்கிறார்கள்?" என்று கேட்டாள். பெண்கள் என்றேன். "எப்போது போவார்கள்?"

அவ்வளவுதான், இருபது நிமிடம் நான் மட்டுமே பேசினேன். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போவது, விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டி மூழ்குவது, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசி வகைக்கு ஏற்ப விலை வேறுவேறாக இருப்பது, எடை போடும்போது ஈரம், மண் என்று ஏஜென்ட் கழிப்பது. 1986ல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா வந்தபின் அதன் 21 தீவுகளிலும் கால் வைக்கக் கூடாது என்று ஆனது. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டி கூடாது என்று பெண்களே பேசி முடிவு செய்தது. அந்தப் பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல், தீவுகளின் சூழலைக் காக்கிற அமெரிக்க அமைப்பான சீக்காலஜியின் விருது கிடைத்ததைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

நான் பேசப் பேச அவள் தன் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் நோட்டை என் பக்கம் திருப்பி, "இதில் ஒன்றுகூட இந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இல்லையே, ஏன்?" என்றாள்.

என்ன சொல்வது? அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆய்வுக்கட்டுரையில் வராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். "அம்மா சொன்னாங்க" என்று மேற்கோள் காட்ட முடியுமா என்று சிரித்தபடிதான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்களைப் பேட்டி எடுத்து ஆய்வில் சேர்க்கப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள், இந்தக் கட்டுரைக்கு அச்சில் வந்ததை வைத்தே யார், எப்போது, எங்கே என்று எழுதுங்கள் என்றாள். அப்படியே செய்தேன். அனுமதியும் வாங்கி, 2023 கோடை விடுமுறையில் நோட்டும் கையுமாக ஊருக்கு வந்தேன்.

வந்ததும் ஒரு பாடு. 2022 டிசம்பரிலேயே பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பாம்பன் ஸ்டேஷன் நடக்கிற தூரம், ஆனால் ரயில் மண்டபத்தைத் தாண்டாது. இரண்டு பெட்டியோடு இறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே சாலைப் பாலத்தைக் கடந்தேன். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். இரண்டு வருடத்துக்கும் மேலாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் அலைந்தார்கள். பழைய பாலம் வலுவிழந்தது வாஸ்தவம், பாதுகாப்புக்காகத்தான் நிறுத்தினார்கள், தெரியும். இருந்தாலும் செய்தியில் பாலத்தின் அழகைக் காட்டிய அளவுக்கு எங்கள் அலைச்சலை யாரும் காட்டவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

அந்த விடுமுறையிலும் மையத்தை விடவில்லை. இங்கே இரவு எட்டு மணி என்றால் அவர்களுக்குக் காலை ஒன்பதரை. ஆன்லைனில் அதே பெண்ணிடம் நேரம் வாங்கினேன். கரண்ட் போய்ப் போய் வந்தது. பேட்டிப் பகுதியில் வரும் 'வடகடல்' எது, 'தென்கடல்' எது, இந்த வரைபடத்தில் இரண்டு பெயருமே இல்லையே என்று கேட்டாள். பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவுக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னேன். "கச்சான் காத்து அடிச்சா தென்கடல்ல இறங்க முடியாது, அப்ப வடகடலுக்குப் போவோம். இது தெரியாமலா அந்தப் புள்ள பாடம் எடுக்குது?" என்றார் அம்மா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஆய்வேட்டில் இரண்டு பெயரும் தமிழ் உச்சரிப்பிலேயே இருக்கின்றன. வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா என்று முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான்.

"சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது வருவீர்கள். நானும் பிறகு அந்தப் பழைய பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். 'சேகரிக்கப்படுகிறது' என்பதை இன்னும் வழவழப்பான 'சேகரிக்கப்படுகிறது' ஆக மாற்றித் தந்தது. "அமெரிக்கா போன திமிர்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அங்கே உட்கார்ந்த எல்லோரும் இவளைப் போல இல்லை. ஒருத்தர் ஐம்பது நிமிடமும் "பிரமாதம், பிரமாதம்" என்று சொல்லியே அனுப்பிவிட்டார். என் ஆங்கிலமும் இன்னும் சுத்தமாகவில்லை, 'a'யும் 'the'யும் இன்றைக்கும் மாறித்தான் விழுகின்றன.

மையமே இல்லாத கல்லூரியில் படிக்கிறீர்களா? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து எழுத்துக்கூடம் 1976ல் தொடங்கியது, 1994 முதல் இணையத்தில் இருக்கிறது. மேற்கோள் காட்டும் முறைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். சத்தமாக வாசிக்கிற வேலைக்கு அறைத்தோழி போதும், தமிழச்சியாக இருந்தாலும் பரவாயில்லை.

மையம் இருந்தால், கட்டுரையோடு பேராசிரியர் கொடுத்த கேள்வித்தாளையும் கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள். செமஸ்டர் முடிகிற டிசம்பர் முதல் வாரத்தில் நேரம் கேட்டால் கிடைக்காது, நான் கேட்டுப் பார்த்தேன்.