மெட்ரோ வேலையால் வியாபாரம் படுத்துவிட்டது, அரசிடம் நிவாரணம் கேட்க முடியுமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களுடையது வாடகைக் கடை, மெட்ரோவுக்காக உங்கள் இடம் எதையும் எடுக்கவில்லை, தகரத் தடுப்புதான் வாசலை மறைக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இடமோ கட்டடமோ போனால் இழப்பீட்டுக்குச் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர் வராததற்கு? "ரோடு வேலைன்னா கொஞ்ச நாள் கஷ்டம் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார் நான் பார்த்த அதிகாரி.

எனக்குச் சென்னை ஆற்காடு சாலையில் வளசரவாக்கம் பக்கம் பாத்திரக்கடை. மெட்ரோவின் நாலாவது, ஐந்தாவது வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காகப் போகும் பகுதி இது. அந்தப் பாரத்தைத் தாங்கும் தூணுக்கு எவ்வளவு பள்ளம், எவ்வளவு பெரிய இயந்திரங்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாத்திரக்கடைக்குக் கல்யாணச் சீர்தான் உயிர். குடும்பத்தோடு காரில் வருவார்கள். குத்துவிளக்கு, அண்டா, தவலை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்து, பெயர் வெட்டி முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கார் நிறுத்த இடமில்லை என்றானதும் அவர்கள் வேறு ஏரியாவுக்குப் போய்விட்டார்கள். குக்கர் கேஸ்கெட் வாங்குகிறவர் மட்டும் நடந்து வந்தார். அதில் வாடகை வருமா? எவர்சில்வர் மேல் சிமெண்ட் தூசி படிந்துகொண்டே இருக்கும், காலையில் துடைத்தால் மதியம் மறுபடி. பல வருஷமாகப் பெயர் வெட்டிக்கொண்டிருந்த பையனைச் சம்பளம் கொடுக்க முடியாமல் வேறு இடம் பார்க்கச் சொன்னேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"வளர்ச்சி வேண்டாமா, மெட்ரோ வந்தால் உனக்குத்தானே லாபம்" என்று யாராவது கீழே எழுதுவதற்குமுன் சொல்லிவிடுகிறேன். எனக்கு மெட்ரோ வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய திட்டத்தில் வாசல் மறைக்கப்பட்ட கடைக்காரனுக்கென்று ஒரு சிறு ஒதுக்கீடு செய்வது பேராசை இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் மெட்ரோ கட்டும்போது சிறு கடைகளின் வருமான இழப்பில் ஒரு பகுதியை, வருடத்துக்கு 50,000 டாலர் வரம்பு வைத்துக் கொடுக்கிறார்கள்.

எங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். பணம் கேட்ட பத்திக்குப் பதிலே வரவில்லை. ஆனால் தடுப்பில் ஆள் நுழைய வழி, கடைகள் திறந்திருக்கின்றன என்று ஒரு போர்டு, தூசிக்குத் தண்ணீர் தெளிப்பது, இவை நடந்தன. நீங்களும் அவற்றை மனுவில் முதலில் எழுதுங்கள். அப்புறம் சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், கரண்ட் பில்லில் வரும் நிலைக் கட்டணம் இவற்றில் தள்ளுபடி கேளுங்கள். நாலாவது வழித்தடமான கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்திருக்கிறது. நிலம் எடுப்பதாலோ, ஓர் இடத்தைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு வருவதாலோ பிழைப்பு பாதித்தால், அது தற்காலிகமானாலும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அந்த வங்கியின் 2009 கொள்கை. வாசலை மறைப்பதும் அதில் அடங்கும் என்று வாதாட இடமிருக்கிறது. உங்கள் தடத்துக்குக் கடன் கொடுத்தது யார் என்று பார்த்து அந்த வாசகத்தையும் மனுவில் சேருங்கள்.

ஆதாரம் முக்கியம். ஜிஎஸ்டி கட்டுகிறவர் என்றால் தடுப்பு போடுவதற்கு முந்தைய வருடத்தின் மாதாந்திரக் கணக்கையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இல்லாதவர்கள் வங்கி, யுபிஐ வரவை எடுங்கள்.

   

கட்டட ஓனரிடம் இப்போதே பேசுங்கள். வேலை முடியும்வரை வாடகையைக் குறைப்பதாக ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள். எனக்கு உடனே கைக்குக் கிடைத்த நிவாரணம் அது ஒன்றுதான்.