ஆப்பத்தை எப்படி வரைவது?

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர்க் குடும்பஸ்ரீ (மகளிர் சுயஉதவிக் குழு) பெண்கள் சேர்ந்து காலை ஆப்பக் கடை தொடங்கியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பார்த்துச் செய்யும்படி சமையல்கட்டில் மாட்ட ஒரு படப் போஸ்டர் கேட்டார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், மீதிப் பேருக்கு மலையாளம். அரிசி ஊறவைப்பதிலிருந்து பரிமாறுவது வரை 12 கட்டங்கள் வரைந்தேன். மாவு புளிக்க 8 மணி நேரம் என்று கடிகாரமும் வரைந்திருக்கிறேன். எல்லோரும் படம் அழகாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அதைப் பார்த்துச் செய்த பெண்ணுக்கு ஒரு நாள் மாவு புளித்துப் பொங்கி வழிந்தது, இன்னொரு நாள் ஆப்பத்தில் ஓட்டையே விழவில்லை. இதற்குப் பதில் போட்டோ போட்டால் சரியாகுமா? மாவு புளிக்கக் கள் ஊற்றுவதை வரையலாமா? பொள்ளாச்சியில் உள்ள சொந்தக்காரர்களும் ஒரு பிரதி கேட்கிறார்கள். வரைவை இணைத்திருக்கிறேன்.

ஓர் ஆசிரியை, சித்தூர் தாலுகா

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கோடு நன்றாக இருக்கிறது. ஆப்பச்சட்டியின் இரண்டு காதையும் துணியோடு பிடித்திருக்கும் கையை வரைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 12 கட்டத்திலும் யாரோ ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கு 'அடுத்து என்ன செய்ய' என்பதில் அவ்வளவு குழப்பம் வராது. 'இது போதுமா, இன்னும் கொஞ்சம் விடலாமா' என்பதில்தான் அவள் தடுமாறுகிறாள். அந்தக் கேள்விக்கு உங்கள் படத்தில் பதில் இல்லை. மாவு எப்படி இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம் என்பதை வரையுங்கள். நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்.

முதலில் அந்தக் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் 8 மணி நேரம் மாவை வைத்தால் பொங்கத்தான் செய்யும். அதே மாவை மார்கழியில் மூணாறில் கரைத்து வைத்தால் விடிந்தும் எழும்பாது. மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் உயிருள்ள பொருள். சூட்டுக்குத் தகுந்தபடி அதன் வேகம் மாறும், மணிக்கணக்கு அதற்குத் தெரியாது. கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடி டம்ளரை வரையுங்கள். கரைத்த மாவில் கொஞ்சத்தை அதில் ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு நூல் கட்டி, பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். முதல் படத்தில் மாவு நூலோடு நிற்கிறது. இரண்டாவதில் நூலைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது, மேலே நுரை, கண்ணாடியோரம் குமிழிகள். மூன்றாவதில் ஏறி, மறுபடி இறங்கி, கண்ணாடியில் மாவுத் தடம் விட்டிருக்கிறது: இது தாண்டிவிட்டது, புளிக்கும். இந்த மூன்று டம்ளர்களும் போஸ்டரின் நடுவில் பெரிதாக வரட்டும். அரிசி களைவது, ஊறவைப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வேலை. மேலே ஒரு சின்னப் பட்டையில் அவற்றை அடக்கிவிடலாம். எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருந்தால் எல்லா வேலையும் ஒரே முக்கியம் என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

கப்பி, அதாவது மாவில் சேர்க்கும் கஞ்சி, காய்ச்சும் படம் உங்கள் வரைவில் ஓரத்தில் கிடக்கிறது. அதற்கும் இடம் கூட்டுங்கள். கோதுமை மாவுக்குக் காற்றைப் பிடித்துவைக்கும் பசை அதனிடமே இருக்கிறது. பச்சரிசிக்கு அது இல்லை. மாவில் கொஞ்சம் எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்க்கும்போது அந்தக் கொழகொழப்புதான் குமிழியை உடையாமல் தாங்குகிறது. ஆனால் கப்பியைச் சூடாக ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். ஓட்டை விழாத அன்று இதுதான் நடந்ததோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் படத்தில் கப்பிப் பாத்திரத்தின் மேல் ஆவிக் கோடுகள் பறக்கின்றன, அடுத்த கட்டத்திலேயே அதை மாவில் ஊற்றுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆவியில்லாத பாத்திரம் ஒன்றையும், அதன் பக்கவாட்டில் உள்ளங்கை வைத்துப் பார்க்கும் ஒரு கையையும் வரையுங்கள்.

கள்ளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரையுங்கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவதே உங்கள் சித்தூர்ப் பக்கத்திலிருந்துதான். அந்த ஊர் ஆப்பத்தின் போஸ்டரில் கள் குடம் இல்லையென்றால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அதனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்: இந்தப் பக்கம் கள், அந்தப் பக்கம் வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட். இரண்டிலிருந்தும் அம்புக்குறி ஒரே டம்ளருக்கு வரட்டும். எதை ஊற்றினாலும் மாவு எழும்பும் அறிகுறி ஒன்றுதானே. பொள்ளாச்சிக்காரர்களுக்கும் அதே போஸ்டரைக் கொடுத்துவிடலாம்.

போட்டோவா, வரைபடமா? தயங்காமல் வரைபடம் என்பேன். போட்டோ எல்லாவற்றையும் காட்டும்: சட்டியின் கீறல், பின்னால் தொங்கும் துணி, வளையல். வரைபவர் வேண்டாததை விட்டுவிடலாம். முக்கியமாக, நறுக்கிக் காட்டலாம். சட்டியைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு படம் போடுங்கள், அறிவியல் பாடப் புத்தகத்தில் வருமே, அப்படி. நடுக்குழியில் மாவு தடிமனாக, ஓரம் ஏற ஏறக் காகிதம் போல மெல்லிசாக. சட்டியை ஏன் சுழற்றுகிறோம், நடு ஏன் பஞ்சாகவும் ஓரம் ஏன் மொறுமொறுப்பாகவும் வருகிறது என்பதெல்லாம் ஒரு வரி எழுத்து இல்லாமல் புரிந்துவிடும். எந்தக் கேமராவாலும் அந்தப் படத்தை எடுக்க முடியாது. சுழற்றும் கையை மட்டும் எதிரில் நின்று பார்ப்பது போல வரையாதீர்கள், வலது இடது மாறிக் குழம்பும். செய்பவரே குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, மேலிருந்து வரையுங்கள்.

அளவுக்கு ஒரு யோசனை. மூன்று டம்ளர் அரிசி என்பதைக் காட்ட ஒரே பெரிய டம்ளரைப் போட்டு '3' என்று எழுதியிருக்கிறீர்கள். வியன்னாவில் 1925-இல் சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நொய்ராத், படத்தாலேயே புள்ளிவிவரம் சொல்லும் ஒரு முறையை உருவாக்கினார். கூடுதலைக் காட்ட உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டும் என்பது அவருடைய விதி. பெரிய படம் எத்தனை மடங்கு என்று கண்ணுக்குத் தெரியாது, மூன்று படம் மூன்றுதான். தமிழும் மலையாளமும் சேர்ந்து நிற்கும் சமையல்கட்டுக்கு இந்த விதி அப்படியே பொருந்தும். மூன்று டம்ளரை வரிசையாக வரைந்துவிடுங்கள்.

வண்ணம் இன்னொரு சிக்கல். அரிசி, தேங்காய், கப்பி, மாவு, ஆப்பம் எல்லாமே வெள்ளை, உங்கள் தாளும் வெள்ளை. அதனால்தான் பல கட்டங்களில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிகிறது. இரும்புச் சட்டியை நல்ல கறுப்பாக நிரப்புங்கள், மற்ற பாத்திரங்களுக்கும் அடர்த்தியான நிழல் கொடுங்கள், வெள்ளை தானாக எழுந்து நிற்கும். அதற்கு மேல் ஒரே ஒரு நிறம், செங்காவி போதும். அதையும் அம்புக்குறிக்கும் 'இங்கே பார்' என்ற இடத்துக்கும் மட்டும் வையுங்கள்: நூல், நுரை, சட்டியை விட்டுப் பிரியும் ஓரம்.

கீழே ஒரு வரிசையில் கெட்டுப்போன ஆப்பங்களையும் வரையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டை விழாதது: மாவு எழும்பவில்லை, அல்லது சட்டி காயவில்லை. ஊற்றிய இடத்திலேயே திரண்டு சுழலாதது: சட்டி அதிகம் காய்ந்துவிட்டது, அல்லது மாவு கெட்டி. ஓரம் கருகி நடு வேகாதது: தீ அதிகம், மூடி போடவில்லை. தப்பு நடந்த அன்று போஸ்டரைத் தேடி வருகிறவர் இந்த வரிசையைத்தான் பார்ப்பார்.

எழுத்தை இரண்டு மொழியிலும் ஒவ்வொரு படத்துக்கும் அடியிலேயே வையுங்கள், தனிப் பத்தியாக ஒதுக்க வேண்டாம். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். நம் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு, நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். தாள் ஏ2 அளவாவது இருக்கட்டும், 420-க்கு 594 மில்லிமீட்டர். பளபளக்கும் லேமினேஷன் விளக்கு வெளிச்சத்தில் கூசும், மங்கலான வகையாகப் பார்த்துப் போடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், ஆப்பமே சுட்டிராத ஒருவரைப் பென்சில் வரைவின் முன் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் படம் போதவில்லை. அதைத் திருத்திவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், டீச்சர்.