பூவைப் பார்த்துக் காய் சொல்வது

வாசகர் கேள்விகள், கணக்கு வாத்தியார் பதில்கள்

போன இதழில் மாங்காய் விலை பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘இது அமெரிக்க பேஸ்பால் சீசனைக் கணிப்பது மாதிரி’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப்பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப்பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை பேஸ்பால் மட்டும்தான். பட்டா, பென்ஷன், தக்காளி எல்லாம் அடுத்த இதழில்.

*காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதற்கு ஐயா பேஸ்பால்?*
— காவேரிப்பட்டணம் வாசகர்

நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரியும் இதைத்தான் கேட்கிறாள்.

2013 கோடை விடுமுறையில் மகளைப் பார்க்க கிளீவ்லாந்து போயிருந்தேன். ஒஹாயோ மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கிற ஊர். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நான் ஜன்னலில் உட்கார்ந்து அணில் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் மாப்பிள்ளை, “வாங்க மாமா, பேஸ்பால் பார்த்துட்டு வரலாம். நம்ம ஊர் டீம் சுமார்தான். போன வருஷம் 68 ஆட்டம்தான் ஜெயிச்சாங்க, இந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும். ஆனா வேர்க்கடலை நல்லா இருக்கும்” என்றார்.

வேர்க்கடலை நன்றாகத்தான் இருந்தது. அந்த ‘சுமார்’ டீம் அந்த வருஷம் 92 ஆட்டம் ஜெயித்தது. அப்போது அதன் பெயர் இண்டியன்ஸ். நம்மைக் குறித்த பெயரல்ல, அமெரிக்கப் பழங்குடிகளைக் குறித்தது. ஆட்சேபணை எழுந்து 2022-லிருந்து கார்டியன்ஸ் ஆகிவிட்டது.

68 எப்படி 92 ஆனது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினேன். ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு மார்ச்சிலும் முப்பது அணிக்கும் எண் எழுத ஆரம்பித்தேன். 2016-ல் கிளீவ்லாந்து இறுதித் தொடருக்கே வந்தது. ஏழு ஆட்டத்தில் முதலில் நாலு ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஏழாவது ஆட்டம் நம் நேரப்படி நவம்பர் 3, காலை ஐந்தரை மணிக்கு. ‘சொந்த வேலை’ என்று தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மொபைலில் பார்த்தேன். தொடரில் 3-1 என்று முன்னால் இருந்தவர்கள், கடைசி ஆட்டத்தில் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் போதாமல் பத்தாவதில் 8-7 என்று சிகாகோ கப்ஸிடம் தோற்றார்கள். கப்ஸுக்கு அது 108 வருஷக் காத்திருப்பு. கிளீவ்லாந்து 1948-க்குப் பிறகு இன்னும் கோப்பையைத் தொடவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

*டெட்ராய்ட்டில் இருக்கும் என் மகன், சீசன் தொடங்கும் முன்பே எந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று எண் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள் என்கிறான். இது ஜோசியமா, கணக்கா?*
— ஓசூர் வாசகி

கணக்குதான் அம்மா, ஆனால் தோப்புக் குத்தகைக் கணக்கு.

நம் பக்கம் தை, மாசியில் மா பூக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றுவார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். பூ எவ்வளவு, மரத்துக்கு என்ன வயசு, போன மூன்று நான்கு வருஷம் எத்தனை லோடு இறங்கியது, மருந்து அடிக்கிற ஆள் யார் என்று எல்லாம் விசாரிப்பார். அப்புறம் ஒரு தொகை சொல்லி முன்பணம் கொடுப்பார். காய் இன்னும் கடுகளவுகூட ஆகியிருக்காது.

பேஸ்பாலிலும் அதேதான். முப்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும். கணிக்கிறவர்கள் அணியைப் பார்ப்பதைவிட ஆட்களைத்தான் பார்க்கிறார்கள். டாம் டாங்கோ என்பவர் ஒரு எளிய முறை வைத்திருக்கிறார். குரங்குகூடப் போடக்கூடிய கணக்கு என்று அவரே கிண்டல் செய்துகொண்டது. ஆட்டக்காரரின் கடைசி மூன்று வருஷத்தை எடுத்து, போன வருஷத்துக்கு 5 பங்கு, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை போடு. எல்லோருடைய சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழு. வயசுக்கு ஏற்பக் கூட்டு, குறை. அவ்வளவுதான். ஆயிரம் சங்கதி சேர்த்துப் போடும் பெரிய கணக்குகளும் இதை அப்படியொன்றும் வெகுதூரம் தாண்டிப் போய்விடவில்லை.

போன ஒரு வருஷத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா சந்தூர் பக்கம் ஒரு பெங்களூரா தோப்பைப் பூவிலேயே பேசி முடித்தார். முந்தைய வருஷம் அதில் பதினெட்டு லோடு இறங்கியிருந்தது. மா மரம் ஒரு வருஷம் கொட்டிக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். அப்பாவுக்குத் தெரியாததா? பதினெட்டு என்ற எண் கண்ணை மறைத்துவிட்டது. ஐந்து லோடுதான் இறங்கியது. அம்மாவின் காசு மாலை அடகுக் கடைக்குப் போனது. திரும்பி வர நான் பத்தாவது முடிக்க வேண்டியிருந்தது.

*சார், ‘கணக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். கணக்கைக் காட்டுங்களேன்.*
— பாலக்கோடு கல்லூரி மாணவர்

காட்டுகிறேன் தம்பி. நோட்டை எடு.

ஒரு அணி எத்தனை ஜெயித்தது என்பதைவிட, எத்தனை ரன் எடுத்தது, எத்தனை விட்டது என்பதுதான் உண்மையான பலத்தைக் காட்டும். பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த வழி இது. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் விட்ட ரன்னின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகு. வருகிற பின்னம்தான் வெற்றி விகிதம். கீழே இரண்டு வர்க்கங்களின் கூட்டல் வருகிறதே, அதனால் அதற்கு பித்தகோரஸ் பெயரையே வைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் செங்கோண முக்கோணம் வரைந்த எனக்கு, அதைப் படித்த அன்று ஒரு சந்தோஷம் பார்.

2012-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்தது 712 ரன், விட்டது 705. வகுத்துப் பார்த்தால் 0.505. 162-ஆல் பெருக்கினால் 82 வெற்றி. ஆனால் அவர்கள் ஜெயித்தது 93! எப்படி? ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 ஜெயித்து 9 மட்டும் தோற்றார்கள். ‘நெருக்கடியில் ஜெயிக்கிற மனவலிமை’ என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான், ஒரு ரன் ஆட்டங்களில் 20 ஜெயித்து 31 தோற்றார்கள். மொத்தம் 85 வெற்றி. மனவலிமை எங்கே போயிற்று என்று யாரும் எழுதவில்லை.

இன்னொரு தோராயம்: வருஷம் முழுக்க பத்து ரன் கூடினால் ஒரு வெற்றி கூடும். இதை மனப்பாடம் செய்துகொள், பின்னால் வருகிற ஒரு பதிலுக்கு உதவும்.

*அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு?*
— போச்சம்பள்ளி ஆசிரியை

நீங்களும் வகுப்பில் செய்து பார்க்கலாம். நான் பிளஸ் ஒன் பிள்ளைகளை வைத்துச் செய்தேன். வகுப்பில் சரியாக முப்பது பேர். ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை 162 முறை சுண்டச் சொன்னேன். தலை விழுந்தால் வெற்றி. எல்லோருக்கும் 81 வர வேண்டும் இல்லையா? ஒரு பையனுக்கு 94 வந்தது, ஒரு பெண்ணுக்கு 69. பையனைத் தோளில் தூக்காத குறை. ‘இன்னொரு தரம் சுண்டுடா’ என்றேன். 79. பெண் இரண்டாம் முறை சுண்டினாள், அவளுக்கு 83.

முதல் சுற்றை மட்டும் பார்த்திருந்தால் அவன் சாம்பியன், அவள் கடைசி பெஞ்ச். இருவர் கையில் இருந்ததும் ஒரே மாதிரிக் காசுதான்.

கணக்காகச் சொன்னால், 162-இன் வர்க்கமூலத்தில் பாதி 6.4. சமபலம் கொண்ட அணிகூட வெறும் அதிர்ஷ்டத்தால் 75-க்கும் 87-க்கும் இடையில் எங்கேயும் போய் நிற்கலாம். மூன்றில் ஒரு பங்கு சமயம் அதையும் தாண்டும். ஆக, எவ்வளவு கெட்டிக்காரக் கணிப்பாக இருந்தாலும் ஆறு ஆட்டம் அப்படி இப்படி ஆகத்தான் செய்யும். நம் ஐ.பி.எல்.லில் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம்தான். அதை வைத்துக்கொண்டு கேப்டனைத் திட்டுகிறோமே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

*தோனி மாதிரி ஒரு ஆளைப் பெரிய விலைக்கு வாங்கிவிட்டால் அணி ஜெயிக்காதா?*
— சூளகிரி வாசகர்

ஜெயிக்காது. நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோ என்ற மட்டையாளரை 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அவர் வருவதற்கு முன் 2024-ல் மெட்ஸுக்கு 89 வெற்றி, வந்த பின் 2025-ல் 83. பிளே ஆஃப் போகவில்லை. சோட்டோ நன்றாகத்தான் ஆடினார்.

பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிக்க வேண்டும். அவுட் ஆகாமல் ஒருவரே நாள் முழுக்க நிற்கிற பேச்சே இல்லை. ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து போடுகிற ஆளும் ஐந்தாறு நாளுக்கு ஒரு முறைதான் வருவார். அதனால் உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர்கூட, சாதாரண மாற்று ஆளைவிட வருஷத்துக்கு எண்பது தொண்ணூறு ரன் கூடத் தந்தால் பெரிய விஷயம். பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், எட்டு ஒன்பது வெற்றி.

அதிலும் பந்து போடுகிறவர்களின் முழங்கை பூவில் விழுகிற மழை மாதிரி. தசைநார் கிழிந்தால் டாமி ஜான் என்ற பந்துவீச்சாளர் பெயரில் ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது. 1974-ல் அவருக்குத்தான் முதலில் செய்தார்கள். செய்துகொண்டவர் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மார்ச்சில் போட்ட எண் ஏப்ரலில் குப்பைக்குப் போகும்.

*இதில் பணம் கட்டலாமா?*
— தருமபுரி வாசகர்

கூடாது. 2025-ல் வந்த சட்டப்படி பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை. சட்டமே இல்லாவிட்டாலும், ஆறு ஆட்டம் அதிர்ஷ்டம் என்று மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு முறை படியுங்கள்.

*இந்தியர் யாராவது அங்கே ஆடியிருக்கிறார்களா தாத்தா?*
— ஊத்தங்கரை பள்ளி மாணவி

2008-ல் இங்கே நடந்த ஒரு பந்துவீச்சுப் போட்டியில் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இரண்டு பேர் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள் கண்ணு. கீழ்மட்ட லீக்கில் ஆடினார்கள், மேலே வரவில்லை. அதற்கு முன் அவர்கள் பேஸ்பாலைத் தொட்டதே இல்லை என்று நினைத்தால், அதுவே பெரிய தூரம்.

*நோட்டில் எழுதியதில் எத்தனை பலித்தது? இந்த வருஷம் என்ன எழுதியிருக்கிறீர்கள்? மறைக்காமல் சொல்லவும்.*
— பழைய சக ஆசிரியர், பர்கூர்

மறைக்க என்ன இருக்கிறது சார். நோட்டில் இரண்டு பத்தி உண்டு. ஒன்றில் என் சொந்த மூளை. இன்னொன்றில் வெறும் பாதிக் கணக்கு: போன வருஷ வெற்றிக்கும் 81-க்கும் நடுவில் இருக்கிற எண். அவ்வளவுதான், யோசனையே கிடையாது.

2024-ல் சிகாகோ வொயிட் சாக்ஸ் 41 ஜெயித்து 121 தோற்றது. இந்த நூற்றாண்டில் மட்டுமல்ல, போன நூற்றாண்டிலும் அத்தனை தோல்வி யாருக்கும் இல்லை. ‘இவர்கள் 50-ஐத் தொட மாட்டார்கள்’ என்று 2025-க்கு நான் 48 எழுதினேன். பாதிக் கணக்கு 61 என்றது. வந்தது 60. கிளீவ்லாந்துக்குப் பாதிக் கணக்கு 86 அல்லது 87, வந்தது 88. அதுவும் பட்டியலில் டெட்ராய்ட்டுக்குப் பதினைந்தரை ஆட்டம் பின்னால் கிடந்து, கடைசியில் தாண்டிப் போய்! (ஓசூர் அம்மா, மகனிடம் இதைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.)

பாதிக் கணக்கும் குப்புற விழுந்திருக்கிறது. கொலராடோ ராக்கீஸுக்கு 71 என்றது, வந்தது 43. டொராண்டோவுக்கு 77, 78 என்றது. அவர்கள் 94 ஜெயித்து, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பதினோராவது இன்னிங்ஸ் வரை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் பத்து வருஷ நோட்டைக் கூட்டிப் பார்த்தால், என் மூளையைவிட அந்த மூளையில்லாத பத்திதான் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கிறது. என் வீட்டுக்காரிக்கு இதைச் சொல்லவில்லை.

இந்த வருஷம் (2026): டாட்ஜர்ஸ் 95. பாதிக் கணக்குப்படி 87தான். ஆனால் 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு கோப்பை வாங்கியவர்களை அவ்வளவு கீழே இறக்க மனம் வரவில்லை. நியூயார்க் யாங்கீஸ் 2000-ல் செய்த பிறகு யாரும் செய்யாத காரியம் அது. மில்வாக்கி 97-லிருந்து 89. ராக்கீஸ் 62. வொயிட் சாக்ஸ் 70. மெட்ஸ் 82. டொராண்டோ 88.

கிளீவ்லாந்துக்குப் பாதிக் கணக்கு சொல்வது எண்பத்து நாலரை. நோட்டில் 88 எழுதியிருக்கிறேன். அந்த மூன்றரை மாப்பிள்ளைக்கும், வேர்க்கடலைக்கும்.