சுடர் சாஞ்சு எரிஞ்சா திரும்ப குளிக்கணுமா மேடம்?

வணக்கம் மேடம். எனக்கு 38 வயசு, கும்பகோணம் பக்கம் இருக்கோம், ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொன்னா ஒண்ணு சிரிப்பாங்க, இல்லன்னா என்ன ஒரு பக்தின்னு பாராட்டுவாங்க, ரெண்டையும் இப்ப என்னால கேக்க முடியாது.

எங்க மாமியார் தவறி மூணு வருஷம் ஆகுது. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க என் கையில குடுத்தது ஒரு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, உச்சியில அன்னபட்சி வச்சது, அவங்க கல்யாணத்துக்கு சீரா வந்தது. தினம் காலைல அதுல ஒரு முகம் ஏத்துவாங்க, வெள்ளிக்கிழமைன்னா அஞ்சு முகம். கை கால் முகம் கழுவி, நெத்திக்கு இட்டுக்கிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பூ வச்சு, கந்த சஷ்டி கவசத்தை சொல்லிக்கிட்டே பாலைக் காய்ச்சி அரை டம்ளர் நைவேத்தியம், சாம்பிராணி, கற்பூரம், முடிஞ்சது. மொத்தமே இருபது நிமிஷம். வேலை ஜாஸ்தியா இருக்குற நாள்ல விளக்கை மட்டும் ஏத்திட்டு "முருகா, இன்னிக்கு இவ்வளவுதான், அடுப்புல சோறு கிடக்கு"ன்னு சத்தமா சொல்லிட்டு வந்துடுவாங்க, நாங்க சிரிப்போம்.

அவங்களுக்கு அப்புறம் நான் பண்றேன். முதல் வருஷம் ஒண்ணுமில்ல. ஒரு நாள் ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன்னு அவசரத்துல விளக்கேத்தாமலே ஓடிட்டேன், அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்காரர் பைக் ஸ்கிட் ஆகி கை எலும்பு முறிஞ்சிடுச்சு. யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. பார்க்க வந்த சொந்தக்காரங்க ஒருத்தங்க மட்டும் "விளக்கேத்தாத வீடுன்னா..."ன்னு ஆரம்பிச்சு என் மூஞ்சியப் பார்த்துட்டு பாதியில நிறுத்திட்டாங்க, அந்த மீதிப் பாதி இன்னும் என் காதுல ஓடிக்கிட்டே இருக்கு.

அதுல இருந்து ஒவ்வொண்ணா சேர்ந்துச்சு. இப்ப நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். தலைக்குக் குளிச்சிட்டு வரும்போது துவைக்காத துணி மேல பட்டுட்டா திரும்ப குளிப்பேன், தும்மல் வந்தாலும் குளிப்பேன். திரி நேரா நிக்கணும், சுடர் ஒரு பக்கமா சாஞ்சு எரிஞ்சா ஏதோ கெட்ட சகுனம்னு தோணும், மலையேத்திட்டு புதுத் திரி போட்டு திரும்ப முதல்ல இருந்து, சில நாள் அதுக்கும் சேர்த்து குளியல். கவசத்துல ஒரு வரி தடுமாறுனா முதல்ல இருந்து. குங்கும அர்ச்சனை 108ன்னு வச்சிருக்கேன், நடுவுல 63ஆ 64ஆன்னு சந்தேகம் வந்தா அதுவும் முதல்ல இருந்து. போன ஆடி வெள்ளி அன்னிக்கு ஏழு தடவை ஆரம்பிச்சேன் மேடம், ஏழாவது தடவை அழுதுக்கிட்டே முடிச்சேன். சாதாரண நாள்லயே ரெண்டரை மணி நேரம் ஆகுது. ஸ்கூலுக்கு லேட்டா போயி ஹெச்.எம். ரெண்டு தடவை கூப்பிட்டு கேட்டுட்டாங்க.

நைட்டு யூடியூப் பார்ப்பேன், எந்த எண்ணெய்க்கு என்ன பலன், எத்தனை திரி, எந்த திசை, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஆகல, நான் ரெண்டையும் சேர்த்துப் பண்றேன். வீட்டுக்காரர்கிட்ட "நான் எல்லாம் சரியா பண்ணிட்டேன்ல"ன்னு கேப்பேன், அவர் பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம "பண்ணிட்ட பண்ணிட்ட"ன்னுவார், பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப கேப்பேன். சொல்ல வெக்கமா இருக்கு, மாசத்துல அந்த மூணு நாள் நான் பூஜை ரூமுக்குப் போறதில்ல, அந்த மூணு நாள்தான் நிம்மதியா தூங்குறேன். அப்ப அவர்தான் விளக்கேத்துவார், அஞ்சு நிமிஷத்துல ஏத்திட்டு விசிலடிச்சுக்கிட்டே வெளிய வந்துடுவார்.

இதைவிடப் பெரிய அசிங்கம் ஒண்ணு இருக்கு. அம்மன் படத்துக்குக் குங்குமம் வைக்கும்போது மனசுக்குள்ள தெருச்சண்டையில பேசுற கெட்ட வார்த்தை வருது. நான் நினைக்கல மேடம், அதுவா வருது. கன்னத்துல போட்டுப் போட்டு செவந்து போயிடுது. நான் உள்ளுக்குள்ள அவ்வளவு கெட்டவளா?

இப்ப ஏன் எழுதுறேன்னா என் பொண்ணு, ஒன்பது வயசு. போன வாரம் பரிட்சைக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து "அம்மா நான் சரியா கும்பிட்டேனா"ன்னு கேட்டா. சரிம்மான்னேன். திரும்ப வந்தா. மூணு தடவை. என்னைக் கண்ணாடியில பார்த்த மாதிரி இருந்துச்சு. பூஜையை விடவும் முடியல, பண்ணவும் முடியல. விளக்கு சாஞ்சு எரிஞ்சா நிஜமாவே திரும்ப குளிக்கணுமா?

ஆலோசகர் பதில்

வேணாம்மா, குளிக்க வேணாம். கேட்டுட்டீங்க, சொல்லிட்டேன். ஆனா இந்த பதில் உங்களுக்கு அரை மணி நேரம்தான் தாங்கும், அதுக்கப்புறம் "மேடத்துக்கு நான் எழுதுனது சரியா புரிஞ்சிருக்குமா"ன்னு ஆரம்பிச்சிடும். வீட்டுக்காரர் சொல்ற "பண்ணிட்ட"வுக்கு என்ன ஆயுசோ அதேதான் என் பதிலுக்கும், அதனால இன்னொரு தடவை இதே கேள்வியக் கேட்டு எழுதுனா பதில் போட மாட்டேன்னு இப்பவே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க.

கடிதத்தை வச்சு நோயை உறுதி பண்ணக் கூடாது. ஆனா நீங்க எழுதியிருக்குறது ஓசிடின்னு நாங்க சொல்றதோட, தமிழ்ல எண்ண சுழற்சி நோய்னு எழுதுவாங்க, ரொம்பவே பொருந்துது. வேண்டாத எண்ணம் வந்துக்கிட்டே இருக்கணும், அதைத் தணிக்க செஞ்சதையே திரும்பத் திரும்ப செய்யணும், அதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகணும் இல்லன்னா வேலையும் குடும்பமும் அடிபடணும், டாக்டருங்க பார்க்குற அளவு ஏறக்குறைய இதுதான். உங்களுக்கு ரெண்டரை மணி நேரம், ஹெச்.எம். வேற கூப்பிட்டுட்டாங்க. இது சாமி விஷயத்துல வந்து உக்காரும்போது இங்கிலீஷ்ல ஸ்க்ரூப்புலாசிட்டின்னு தனிப் பேரு, லத்தீன்ல சின்னக் கூரான கல்லுன்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்தது, செருப்புக்குள்ள மாட்டுன கல்லு மாதிரின்னு வச்சுக்குங்க. எல்லா மதத்துலயும் உண்டு. பாவமன்னிப்பு கேட்டுட்டு வந்தவங்க ஒண்ணு விட்டுப்போச்சோன்னு திரும்ப ஃபாதர்கிட்ட ஓடுவாங்க, ஒளு, அதாவது தொழுகைக்கு முன்னாடி கை கால் முகம் கழுவுறது, சரியா செஞ்சோமான்னு திரும்பத் திரும்ப ஒளு செய்யறதை முஸ்லிம்கள் வஸ்வாஸ்னு சொல்வாங்க.

இப்ப அந்த கெட்ட வார்த்தைக்கு வரேன், ஏன்னா கடிதத்துல அதை எழுதத்தான் உங்க கை அதிகமா நடுங்கியிருக்கும். குரங்கை நினைக்காம மருந்து குடின்னு சொன்ன வைத்தியர் கதை உங்களுக்குத் தெரியும்ல. 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் குரங்குக்கு பதிலா வெள்ளைக் கரடிய வச்சு அதையே சோதனையா பண்ணிப் பார்த்தார், நினைக்காதீங்கன்னு சொன்னவங்களால அதை நினைக்காம இருக்க முடியல. உங்களுக்கு எது ரொம்ப புனிதமோ அங்கதான் இந்த எண்ணம் வந்து நிக்கும். பச்சைக் குழந்தைய வச்சிருக்குற தாய்க்கு "கீழ போட்டுட்டா?"ன்னு ஒரு நொடி தோணுது பாருங்க, அது மாதிரி. 1978லயே ராக்மன், டி சில்வான்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு பார்த்ததுல நோய் இல்லாத சாதாரண ஆளுங்களுக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வர்றது தெரிஞ்சது. அவங்க அதைத் தூசி மாதிரி தட்டிட்டுப் போயிடறாங்க, நீங்க கன்னத்துல போட்டுக்குறீங்க, ஒவ்வொரு தடவை போட்டுக்கும்போதும் இது பெரிய விஷயம்னு மூளை குறிச்சு வச்சுக்குது. இதுக்கும் நீங்க கெட்டவளான்றதுக்கும் சம்பந்தமே கிடையாது.

உங்க கடிதத்துலயே ஒரு விஷயம் இருக்கு, நீங்க கவனிச்ச மாதிரி தெரியல. விளக்கேத்தாத ஒரே ஒரு நாள் பைக் விழுந்ததை மனசு கல்வெட்டு மாதிரி வெட்டி வச்சிருக்கு. ஆனா மாசாமாசம் மூணு நாள் உங்க வீட்டுக்காரர் அஞ்சு நிமிஷத்துல, அநேகமா திரிய நிமித்திக்கூடப் பார்க்காம, ஏத்திட்டு விசிலடிச்சுக்கிட்டு வர்றாரே, அந்த நாட்கள் எல்லாம் எந்த கணக்குல இருக்கு? உங்க மாமியாரோட "அடுப்புல சோறு கிடக்கு" நாட்கள்? பயம் தனக்கு வேண்டிய வரவை மட்டும்தான் நோட்டுல எழுதும். அந்த சொந்தக்காரங்க பாதியில நிறுத்துன வாக்கியத்துக்கு மீதிய எழுதுனதும் அதுதான், அவங்க இல்ல.

நான் சாஸ்திரம் படிச்சவ கிடையாது, ஆனா எங்க வீட்டுலயும் பூஜை உண்டு. முறையா பூஜை பண்றவங்க முடிக்கும்போது மந்திரஹீனம் க்ரியாஹீனம் பக்திஹீனம்னு ஒரு ஸ்லோகம் சொல்வாங்க, மந்திரத்துல குறை, செய்கையில குறை, ஏன் பக்தியிலயே குறை இருந்தாலும் நான் பண்ணுன பூஜைய நிறைவா ஏத்துக்கோன்னு கேக்குறது. தப்பு வரும்னு தெரிஞ்சுதானே அதைக் கடைசியில வச்சிருக்காங்க? திரும்ப முதல்ல இருந்து பண்ணுன்னு வைக்கலையே. திருநின்றவூர் பூசலார் கையில காசு இல்லாம மனசுக்குள்ளயே கோயில் கட்டுனார், பல்லவ ராஜா கட்டுன கற்கோயில் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டு சிவன் பூசலாரோட மனசுக்கோயிலுக்குப் போனார்னு பெரியபுராணம் சொல்லுது, அந்த மனசுக்கோயில்ல எந்த திரி எந்தப் பக்கம் சாஞ்சதுன்னு யார் பார்த்தா? (அந்த ஸ்லோகத்தையும் ஏழு தடவை சொல்ல ஆரம்பிச்சிடாதீங்க, ஒரு தடவைதான்.) இன்னும் மனசு கேக்கலன்னா உங்க ஊர் கோயில் குருக்கள்கிட்ட வீட்டுப் பூஜைக்கு குறைஞ்சபட்சம் என்ன வேணும்னு ஒரே ஒரு தடவை கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க, ரெண்டாவது குருக்கள் வேணாம்.

ஆனா இந்த மாதிரி வாதம் எல்லாம் மண்டைக்குத்தான் புரியும், அடிவயித்துல இருக்குற பயத்துக்குப் புரியாது. அதுக்கு ஈ.ஆர்.பி.ன்னு ஒரு சிகிச்சை இருக்கு, 1966ல லண்டன்ல விக்டர் மேயர் ஆரம்பிச்சு வச்ச வழி, இன்னிக்கும் ஓசிடிக்கு முதல்ல கைகுடுக்குறது இதுதான். சுருக்கமா சொன்னா, பயம் வரட்டும்னு விட்டுட்டு, அதைத் தணிக்க வழக்கமா செய்யறதை மட்டும் செய்யாம இருக்கப் பழகுறது. முதல் அரை மணி நேரம் நெஞ்சு படபடன்னு அடிக்கும், வியர்க்கும், அப்புறம் அதுவா இறங்கும், அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமா இறங்கும். பூஜையை நிறுத்தச் சொல்ல மாட்டாங்க, யாராவது சொன்னாலும் நிறுத்தாதீங்க, மாமியார் பண்ணுன இருபது நிமிஷத்துக்குத் திரும்பிப் போறதுதான் இலக்கு. சின்னதுல ஆரம்பிக்கணும், கவசத்துல தடுமாறுனா நிக்காம அடுத்த வரிக்குப் போறது, அப்புறம் எண்ணாம அர்ச்சனை, தும்மலுக்குக் குளிக்காம இருக்கறது, அந்த கெட்ட வார்த்தை வந்தா கன்னத்துல போட்டுக்காம குங்குமத்தை வச்சு முடிக்கறதெல்லாம் பின்னாடி, பழகுன ஒருத்தர் கூட இருந்து செய்யறது நல்லது.

டாக்டரையும் பார்க்கணும், இதுல தயங்காதீங்க. நான் ஆலோசகர், மருந்து எழுத முடியாது. மனநல மருத்துவர் தேவைப்பட்டா எஸ்.எஸ்.ஆர்.ஐ.ன்னு மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற வகை மாத்திரை குடுப்பார், ஓசிடியில அது வேலை செய்ய எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் கூட ஆகலாம், பத்து நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க, பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குன்னும் கேட்டுக்கலாம்.

யூடியூப்ல அந்த பூஜை வீடியோக்களை இன்னிக்கே நிறுத்துங்க. பரிகாரம் சொல்றவருக்கு தினம் ஒரு வீடியோ போட்டாகணும், அதுக்கு தினம் ஒரு புது விதி வேணும், பாவம் அது அவர் பொழப்பு. வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கடிதத்தைக் காட்டுங்க. இனிமே "சரியா பண்ணேனா"ன்னு நீங்க கேட்டா அவர் "அதுக்கு பதில் சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க, வா காபி குடிப்போம்"னு சொல்லட்டும், கத்தாம, கிண்டல் பண்ணாம.

பொண்ணு விஷயத்துல இப்பவே பதறாதீங்க, பிள்ளைங்க பார்த்ததை செய்யும். அவ திரும்ப கேட்டா ஒரு தடவை கட்டிப்பிடிச்சு அனுப்பி வைங்க, பதில் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. ரெண்டு மூணு மாசத்துல அவளுக்கும் கூடிக்கிட்டே போனா டாக்டர்கிட்ட அவளையும் காட்டலாம்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணிப் பாருங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சு முகத்தையும் ஏத்துங்க, ஒரு திரிய மட்டும் வேணும்னே கொஞ்சம் கோணலா வைங்க, கவசம் ஒரு தடவை, கற்பூரம், மலையேத்திட்டு நேரா பஸ் ஸ்டாப். வயிறு என்னமோ பண்ணும், பண்ணட்டும். முதல் பீரியட் முடியறப்ப எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எனக்கு எழுதுங்க.