அட்டைக்குத் தெரிந்தது

கேள்வி: கர்ப்பம் போலவே ஏமாற்றும் புற்றுநோய்க் கட்டி இருக்கிறதாமே? சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுமாம், உள்ளே குழந்தை இருக்காதாம். பிள்ளை பெற்றவர்களைப் பயமுறுத்தவென்றே இப்படிக் கிளப்பிவிடுகிறார்களா?
– ஒரு வாசகி

பதில்: யாரும் கிளப்பிவிடவில்லை. அரிதுதான், ஆனால் உண்டு. அந்த அட்டைக்குக் குழந்தையைத் தெரியாது, எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத்தான் தெரியும். அதைச் சுரப்பவை நஞ்சுக்கொடியின் செல்கள். அந்தச் செல்களே கட்டுமீறிப் பெருகினால் அதற்குக் கோரியோகார்சினோமா என்று பெயர். அதுவும் அதே ஹார்மோனைச் சுரக்கும். கோடு விழாமல் என்ன செய்யும்?

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரு உருவாகாமல், நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் குலைபோல நீர்க்குமிழிகளாக வளர்வது. அதிலிருந்து இந்தக் கட்டி வரலாம் என்பதால், அதைச் சுத்தம் செய்தபின் ஹார்மோன் இறங்குகிறதா என்று டாக்டர்களே தொடர்ந்து பார்ப்பார்கள். கோட்டை விடுவது வேறு இடத்தில். கருக்கலைவுக்குப் பிறகும், ஏன், சுகப்பிரசவத்துக்குப் பிறகும்கூட இந்தக் கட்டி வரலாம். இரண்டு மாதம் தாண்டியும் உதிரம் நிற்கவில்லை என்றால், “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கட்டி நுரையீரலுக்குப் பரவி, இருமலில் ரத்தம் வந்து, நெஞ்சு டாக்டரிடம் போய் நிற்பவர்களும் உண்டு. பிரசவமான கதையை அங்கே யார் சொல்லப்போகிறார்கள்?

டாக்டர்களை உடனே திட்டிவிடாதீர்கள். கோடு விழுந்து, ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தால் முதலில் குழாய்க் கர்ப்பத்தை, அதாவது கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிவிட்டதோ என்று, சந்தேகிப்பதுதான் முறை. அது உயிருக்கே ஆபத்து. ஆனால் அதற்கு வைத்தியம் பார்த்த பின்னும் ரத்தத்தில் ஹார்மோன் இறங்க மறுத்தால், “சகஜம்மா” என்று அனுப்பிவைப்பதற்கு மன்னிப்பு கிடையாது. இங்கே சதையை வெட்டி எடுத்துச் சோதிப்பதுகூடப் பல நேரம் தேவைப்படாது. வெட்டினால் ரத்தம் கொட்டும் கட்டி இது. ஹார்மோன் அளவே பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, பயத்துக்கு வருவோம். 1956-இல் அமெரிக்காவில் மீத்தோட்ரெக்சேட் என்ற மருந்தால் இந்தப் புற்றுநோயைக் குணப்படுத்தினார்கள். கெட்டியான கட்டி ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுதான் முதல் முறை. இன்று நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிறகு பிள்ளை பெற்றவர்களும் நிறையப் பேர். என்ன, கண்காணிப்புக் காலம் முடியும்வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. தரித்தால் ஏறுகிற ஹார்மோன் குழந்தையுடையதா, கட்டியுடையதா என்று மறுபடியும் அதே குழப்பம்.