பழைய நிலையமும் புதிய ரயிலும்

கேள்வி: பழைய ரயில் நிலையங்களையும் நீராவி எஞ்சின்களையும் எண்ணி ஏங்குவது, ரயில்வே நவீனமாவதற்குத் தடையாகாதா?

பதில்: எதை எண்ணி ஏங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. நீராவி எஞ்சின், நிலக்கரியின் ஆற்றலில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவிசையாக மாற்றவில்லை. புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டவேண்டியிருந்தது. ஜன்னலோரம் அமர்ந்து புகையை ரசித்தவர்கள், அனலின் முன் நின்று கரி அள்ளிப் போட்டவரின் உடல்வலியை அறிந்ததில்லை. அந்த எஞ்சின் அருங்காட்சியகத்தில் இருப்பதே நியாயம்.

கட்டடங்களின் கதை வேறு. லண்டன் யூஸ்டன் நிலையத்தின் மாபெரும் கல் வளைவு, நவீனமயத்தின் பெயரால் 1960-களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதற்கு அருகிலேயே, 1868-இல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்கிரஸ் நிலையமும் இடிபடும் நிலையில் இருந்தபோது, மக்களின் எதிர்ப்பால் 1967-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2007 முதல் பாரிஸ் செல்லும் அதிவேக ரயில்கள் அதே இரும்புக் கூரையின் கீழிருந்துதான் புறப்படுகின்றன. ஒருகாலத்தில் பீர் பீப்பாய்களை அடுக்கிவைத்த அதன் கீழ்த்தளத்தில் இப்போது பயணிகள் நடமாடுகிறார்கள். (பழமையைக் காத்தவர்கள் வேகத்துக்கு வழிவிட்டதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.)

இன்னொன்றையும் சொல்லவேண்டும்: பயணச்சீட்டுச் சாளரத்தை மூடி, அங்கே இயந்திரத்தை வைக்கும்போது, கண்பார்வை மங்கிய முதியவர் வருந்தினால், அதைப் பழமை ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது, அவர் கேட்பது நேற்றைய உலகத்தை அல்ல, இன்றைய பயணத்துக்கான உதவியை.